எட்டு மணி வரை

முட்டைக்கோஸின் வெளி இலைகளை உரித்து உரித்துக் காலடியில் போட்டுக்கொண்டிருந்தான் மருமகன். உள்ளே இருக்கிற வெளிர்பச்சை தெரிந்தால்தான் பார்க்க லட்சணமாக இருக்கும் என்பது அவன் எண்ணம். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்குக் கோஸைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். மணி ஆறரை. மாமனார் இறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதைச் சந்தையில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மாமியாரின் உத்தரவு.

மனிதர் போனது வண்டியில் கூடை ஏற்றும்போதுதான். நாலு கூடையை ஏற்றிவிட்டு ஐந்தாவதைத் தூக்கப் போனவர், வண்டிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த தெரு டாக்டர் தூக்கக் கலக்கத்தோடு வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கட்டிலில் கிடத்திப் போர்வை போர்த்தினார்கள். மகள் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாமியார் அழவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நீங்க வண்டிய எடுங்க."

"எங்க அத்தை?"

"சந்தைக்கு. இன்னிக்கு சீசன் மொத நாளு. எட்டு மணிக்குச் செயலாளர் பேர் எடுக்க வருவாரு. அது வரைக்கும் யாருகிட்டயும் வாயத் திறக்காதீங்க."

"அம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்று மகள் கத்தினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனதெல்லாம் அவருக்குத்தான். தோட்டத்துல மூணு மாசத்துக்கு விளைஞ்சு நிக்குது. இடம் போச்சுன்னா அதையெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டறது? எட்டு மணிக்கு மேல நாள் பூரா அழலாம்."

அந்தச் சந்தையின் சட்டம் அப்படி. கடை போட நாற்பது இடங்கள்தான். இடம் ஆளின் பேரில்தான், குடும்பத்தின் பேரில் இல்லை. சீசனின் முதல் சனிக்கிழமை எட்டு மணிக்குச் சங்கச் செயலாளர் பட்டியலோடு சுற்றி வருவார். பேருக்கு உரியவர் வந்திருந்தால், இல்லை வந்திருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னால், டிக் அடிப்பார். டிக் விழுந்துவிட்டால் சீசன் முடிகிறவரைக்கும் அந்த வீட்டிலிருந்து யார் வந்து நின்றாலும் கேள்வி இல்லை. ஆள் வரவில்லை, இல்லை ஆளே இல்லை என்றால், காத்திருப்பவர்களில் முதல் ஆளுக்கு அந்த இடம் போய்விடும். காத்திருப்பவர்களும் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். சரக்கை ஏற்றிக்கொண்டு வந்து வாசலிலேயே வண்டியை நிறுத்தியிருப்பார்கள். மாமனாருக்கும் அந்த மூலை இடம் அப்படித்தான் கிடைத்தது, பதினொரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பூச்செடிக்காரர் இறந்த சமயத்தில். முதல் நாலு வாரம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் வியாபாரம் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார்.

இந்த வருஷம் வாசலில் முதல் வண்டி காளான்காரருடையது. மூன்று வருஷமாக அவர் வண்டிதான் முதல் வண்டி, இடம்தான் கிடைத்தபாடில்லை. மனைவி முன்சீட்டில் மடி நிறையக் காளான் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தார். மருமகன் வண்டியை உள்ளே விட்டதும் காளான்காரர் ஓடிவந்து, கேட்காமலேயே கூடைகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்.

"பெரியவர் எங்கண்ணே?"

"முட்டி வலி. மெதுவா வராரு."

"வரட்டும் வரட்டும். அவரு வந்தாத்தான் இந்த வாசலுக்கே களை. போன வருஷம் நாங்க வாசல்ல நின்னப்ப எங்க ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்தது அவர் ஒருத்தர்தான்."

முட்டி வலி என்பதுதான் அவன் வாயில் வந்த முதல் பொய். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன், காது சூடாகிவிட்டது. ஆனால் அடுத்தடுத்து ஆட்கள் கேட்கக் கேட்க அது தானாகவே வளர்ந்தது. பழக்கடைக்காரரிடம் முட்டி வலி என்று மட்டும் சொன்னான். துடைப்பம் விற்கிறவரிடம் வலது முட்டி என்றான். ஐந்தாவது ஆளிடம் சொல்லும்போது, மாமனார் ஸ்டூல் மேல் காலை நீட்டிக்கொண்டு ரேடியோவைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்று வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவனே ஒரு நிமிஷம் அதை நம்பினான். அந்த ஒரு நிமிஷம் நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

முதல் நாள் என்பதால் சந்தையே ஜோடித்துக்கொண்டு நின்றது. கம்பத்துக்குக் கம்பம் காகிதக் கொடி. நடுவில் மேடை போட்டு, பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தது. அதில் பாதிப் பேர் அவன் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். "டிரைவர் அங்கிள்!" என்று டிரம் குச்சியை ஆட்டினார்கள். அவனும் கையில் கோஸோடு ஆட்டினான். வீட்டில் ஒருத்தர் செத்துக் கிடக்கும்போது இப்படி ஆட்டுகிறோமே என்று மனசு அவனைக் காறித் துப்பியது.

பக்கத்துக் கடை முட்டைக்காரம்மா மட்டும் வந்ததிலிருந்து அவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு முட்டையாகத் துடைத்து அடுக்கியபடி, அவன் காலடியில் கிடந்த இலைக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து ஒரு கோஸைக் கையில் எடுத்தார்.

"தம்பி, யாரு உரிக்கச் சொன்னது?"

"நானாத்தான். சுத்தமா இருக்கட்டும்னு."

"மேல் இலை இருந்தாத்தான் வாடாம இருக்கும். அதுல கை வெச்சா அவரு வெட்டிப் போட்டுடுவாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முட்டி வலின்னா வீட்டுல உக்காந்துக்கிட்டே போன் பண்ணி நூறு உத்தரவு போட்டிருப்பாரே. ஒரு போன்கூட வரலையே. என்னாச்சு?"

அவன் தராசைத் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான். முட்டைக்காரம்மா கோஸை மெல்லக் கீழே வைத்தார். கண் கலங்கிவிட்டது. ஆனால் சந்தைக்காரி, முந்தானையால் ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டார்.

"எப்போ?"

"அஞ்சு மணிக்கு."

"இடத்துக்காகத்தான அனுப்பியிருக்காங்க உங்க அத்தை? சரியாத்தான் செஞ்சிருக்காங்க. ரூல்தடி வந்தா நீங்க பேசாதீங்க. உங்க மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பொய் சொன்னா நாய்கூட நம்பாது. டீ குடிக்கப் போயிருக்காருன்னு நான் சொல்லிக்கறேன்."

ரூல்தடி என்பது செயலாளருக்குச் சந்தை வைத்த பேர். கடைக் கயிறு கோட்டைத் தாண்டி நாலு விரல் வந்தாலும் அளந்து பார்க்கிறவர். தன் சொந்தத் தங்கையின் ஜாம் கடையையே ஒரு வருஷம் காலி செய்தவர்.

ஏழே முக்காலுக்கு ஓய்வுபெற்ற டீச்சர் ஒருத்தர் பையோடு வந்தார்.

"நீங்கதான் பஸ் ஓட்டற மாப்பிள்ளையா?"

"ஆமாங்க."

"உங்களப் பத்திப் பேசாத வாரமே இல்ல. எங்க மாப்பிள்ளை பிரேக் போட்டா மடியில வெச்ச முட்டைகூட உடையாதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிப்பாரு."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். மாமனார் அவனிடம் பேசியதை எல்லாம் சேர்த்தால், "டயர்ல காத்து இருக்கா?" என்பதற்கு மேல் தேறாது. மண்ணில் கைவைக்கத் தெரியாதவன் என்று மனசுக்குள் இளக்காரமாக நினைக்கிறார் என்றே இவன் நினைத்திருந்தான். அதனாலேயே அவர் கூப்பிட்டும் இந்தச் சந்தைக்கு இரண்டு முறைக்கு மேல் வந்ததில்லை. இப்போது வந்திருக்கிறான், கூப்பிட அவர் இல்லாத நாளில்.

"அவரு எங்க?" என்றார் டீச்சர்.

"முட்டி வலிங்க."

டீச்சர் பையை அங்கேயே வைத்துவிட்டு விறுவிறுவென்று எதிர்ப்புற மருந்துக் கடைக்குப் போனார். திரும்பி வந்து ஒரு தைலப் புட்டியை அவன் கையில் திணித்தார்.

"ராத்திரி தடவிட்டு வெந்நி ஒத்தடம் குடுக்கச் சொல்லுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க, இல்லன்னா தடவ மாட்டாரு."

அவன் தலையாட்டினான். புட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நெஞ்சுக்கு நேராக அது கனமாகத் தொங்கியது.

எட்டு அடித்ததும் ரூல்தடி வந்தார். கையில் அட்டை, அட்டையில் பட்டியல், காதில் பேனா. பின்னால் பத்தடி தள்ளி, வழக்கப்படி, காளான்காரர். யார் கடையிலாவது ஆள் இல்லை என்றால் உடனே வண்டியை எடுக்க வேண்டுமே.

"எங்கய்யா உங்க மாமனார்?"

"டீ குடிக்கப் போனாரு, இப்பத்தான்," என்றார் முட்டைக்காரம்மா, முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் கண்ணு முன்னாடிதான் போனாரு."

"எட்டு மணிக்கு அந்த மனுஷன் இங்கேர்ந்து அசைஞ்சதே இல்லையே. அதிசயம்தான்." ரூல்தடி சிரித்தபடி காதிலிருந்து பேனாவை எடுத்தார். பேனா பட்டியலில் இறங்கி, பேருக்கு நேராக வந்து நின்றது.

காளான்காரர் தூரத்திலிருந்தே, நல்லது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கடையை எட்டிப் பார்க்கத் திரும்பினார். அவர் முகத்தில் வருத்தமோ பொறாமையோ கொஞ்சம்கூட இல்லை. அவ்வளவுதான், மருமகனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மாமா இறந்துட்டாருங்க," என்றான். "காலையில அஞ்சு மணிக்கு."

அதுவரைக்கும் அந்த வார்த்தையை அவன் சொல்லவில்லை. சொன்னதும் கூடையின் விளிம்பில் உட்கார்ந்தான். முப்பத்தெட்டு வயது ஆள், மொட்டைக் கோஸ்களுக்கு நடுவே, விம்மி விம்மி அழுதான்.

ரூல்தடி பேனாவை உயரத் தூக்கியபடியே நின்றார். "இத ஒரு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதாய்யா," என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது. "நான் டிக் போட்டுட்டு நகர்ந்திருப்பேனே. இப்ப என் காதுல விழுந்துடுச்சே."

"என்னப் பொய் சொல்ல வெச்சுட்டு நீங்க உத்தமராயிட்டீங்களா தம்பி?" என்று முட்டைக்காரம்மா திட்டினார். திட்டிக்கொண்டே பக்கத்தில் வந்து அவன் முதுகைத் தடவினார்.

ரூல்தடி பேரின் மேல் கோடு போட்டார். வாழ்நாள் முழுக்க நேர்க்கோடு போட்ட கை. இந்தக் கோடு வளைந்தது. திரும்பிப் பார்க்காமல், "காளான், வாங்க," என்று கூப்பிட்டார்.

காளான்காரர் ஓடிவந்தார். மனைவியும் இரண்டு பெட்டிகளை அணைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக, பின்னாலேயே வந்தார். பக்கத்தில் வந்து விஷயம் தெரிந்ததும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடிப் போனார். பெட்டியைக் கீழே வைக்கவும் மனசில்லை, தூக்கிக்கொண்டு திரும்பவும் வழியில்லை. கடைசியில் காளான்காரர் பெட்டிகளை வாங்கி மேஜைக்கு அடியில் தள்ளினார்.

"அண்ணே, நீங்க கிளம்புங்க. மொதல்ல பெரியவர் சரக்கு போகட்டும். எங்களது அப்புறம்." ஒரு கோஸை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, யாரோ உரிச்சுட்டாங்க போலிருக்கே?"

"எலி," என்றார் முட்டைக்காரம்மா.

ஒன்பது மணிக்கு மருமகன் வீட்டுக்கு வந்தான். காலியான வண்டியைப் பார்த்ததும் மாமியார் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"பேர் விழுந்துச்சா மாப்பிள்ளை?"

"இல்ல அத்தை. சொல்லிட்டேன். என்னால முடியல."

உள்ளே மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். மாமியார் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். வையப் போகிறார் என்று அவன் காத்திருந்தான். வைதிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"யாருக்குப் போச்சு?"

"காளான்காரருக்கு. நம்ம கோஸ வித்துட்டுத்தான் தன்னோடத எடுப்பாராம்."

மாமியார் உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்தார். ஈ உட்காராமல் இருக்க முகத்துக்கு மேல் விசிறியை இரண்டு தரம் வீசினார். பிறகு விசிறியைக் கீழே வைத்தார்.

"அந்த மூலையில பத்து மணிக்கு மேல வெயில் நேரா அடிக்கும். படுதா கட்டணும்னு அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லலையே அத்தை."

"கோஸுன்னா தாங்கும். காளான் ஒரு மணி நேரத்துல கருத்துப்போயிடும். இவரு போன்ல 'காளான்'னு போட்டு நம்பர் இருக்கும். பேசுங்க."

அவன் அலமாரி மேலிருந்த மாமனாரின் போனை எடுத்து அழுத்தினான். அந்தப் பக்கம் பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. படுதா மேஜைக்கு அடியில் மடித்து வைத்திருப்பதையும், கிழக்குக் கம்பத்தில் கட்ட வேண்டும் என்பதையும் மாமியார் சொல்லச் சொல்ல உரக்கச் சொன்னான். மாமியார் கணவரின் பாதத்திலிருந்து நழுவியிருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ரெண்டு முடிச்சாப் போடச் சொல்லுங்க மாப்பிள்ளை," என்றார். "அங்க காத்து ஜாஸ்தி."