ஒன்பது பாகம்

கோதண்டராமனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை ஏசுதாஸ் அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"யாரு கட்டுனது? இன்னா கட்டு இது? அண்ணாத்தைக்கு இப்டி தொளதொளன்னு இருந்தா புடிக்காது."

கட்டியவள் சியாமளா. முப்பத்திரண்டு வருஷம் பொண்டாட்டியாக இருந்தவள். அவள் கண் முன்னாலேயே அவள் முடிச்சை அவிழ்த்துவிட்டு, கப்பல்காரன் முடிச்சு ஒன்றைப் போட்டு இழுத்தும் பார்த்துக்கொண்டான். செத்த பிறகும் விட மாட்டானா இவன்? வயிறு பற்றி எரிந்ததில் அவளுக்கு அழுகையே நின்றுபோனது.

கோதண்டராமன் கடற்படையில் கடலை அளந்து வரைபடம் போட்டவர். ஏசுதாஸ் மாமல்லபுரம் பக்கத்து மீனவன், அவர் படகில் கயிற்றில் கட்டிய ஈயக்குண்டைக் கடலடிக்கு இறக்குகிறவன். ஆழத்தைக் கருவி சொல்லிவிடும். அடியில் சேறா மணலா என்று ஈயக்குண்டின் அடியில் அப்பிய கொழுப்பில் ஒட்டி வருவதைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். வருஷத்தில் ஒன்பது மாசம் அவர் கடலில், அவனோடு. மிச்ச மூணு மாசம் செங்கல்பட்டில், அவளோடு. அந்த மூணு மாசமும் உருப்படியாகவா போயிற்று? மீன் குழம்பு வைத்தால், "ஏசுதாஸ் இன்னும் கொஞ்சம் புளி விடுவான்" என்பார். கடுதாசி போட்டால் பாதிக்கு மேல் ஏசுதாஸ் புராணம். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்குகிற சியாமளாவுக்கு இந்த ஒரு பெயரை வீட்டுக்குள் அடக்க முடியவில்லை.

மாலை வைக்க வந்த கடற்படை அதிகாரி சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் காட்டி, "இவர் போட்ட நம்பரை நம்பித்தாம்மா இன்னிக்கும் கப்பல் போகுது" என்றார். ஆயிரக்கணக்கில் எண்கள். மூலையில் பொடி எழுத்தில் கோதண்டராமன் பெயர். தான் அதில் எங்கே இருக்கிறோம் என்று அவள் எத்தனையோ மத்தியானம் தேடிப் பார்த்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை அஸ்தி கரைக்கக் கிளம்பினார்கள்.

"எங்க கரைக்கணும்னு அண்ணாத்த சொல்லிக்கீறாரு அண்ணி. எனக்குத் தெரியும்," என்றான் ஏசுதாஸ்.

எனக்குச் சொல்லவில்லை! அவள் செருப்பை மாட்டினாள்.

"அம்மா, பொம்பளைங்க வர்ற வழக்கம் இல்லம்மா," என்றான் மகன் இனியன்.

"ஒங்கப்பா என்னை ஒரு தடவகூட கடலுக்குக் கூட்டிப் போனதில்லடா. இன்னிக்காவது போறேன்."

ஏசுதாஸின் ஃபைபர் படகு அலையைத் தாண்டியதும் இனியன் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டான். அவள் கலயத்தை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடற்கரைக் கோயில் கோபுரமும் பின்னால் கலங்கரை விளக்கமும் ஒரே நேர்கோட்டில் வந்ததும் ஏசுதாஸ் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டி, தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையப் புகைபோக்கியைக் குறி பார்த்து இன்ஜினை நிறுத்தினான்.

"இங்கதான். வரைபடத்துல இந்த எடத்துல ஒம்பதுன்னு போட்டுகீது. ஒம்பது பாகம். ரெண்டு கையும் விரிச்சா ஒரு பாகம் அண்ணி."

"அதுல என்ன விசேஷம்?"

அவன் தலையைச் சொறிந்தான். "யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு. இத மட்டும் நாங்க அளக்கவே இல்ல. அந்த வருசம் இந்தக் கடல்லதான் வேல. கருவிய இன்னும் போடல, குண்டக் கையில எடுத்தேன், அப்பதான் கப்பல்லேர்ந்து ஒயர்லஸ்ல சேதி வந்துச்சு, ஒங்களுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துகீதுன்னு. 'படகத் திருப்புடா'ன்னாரு. மறுநாள் காத்து மாறிப்போச்சு, திரும்ப வர முடியல. ரெண்டு பக்கத்து நம்பரையும் பாத்து குத்துமதிப்பா ஒம்பதுன்னு போட்டுட்டாரு. அவரு சர்வீஸ்லயே இது ஒண்ணுதான் பொய்."

ஈரப் பேன்ட்டோடு ஆஸ்பத்திரி வார்டில் வந்து நின்றவரை அவளுக்கு ஞாபகம் இருந்தது. லீவு கிடைத்து வந்தார் என்றல்லவா நினைத்திருந்தாள். நெஞ்சு குளிர்ந்தது, அடுத்த நொடியே பழையபடி எரிந்தது. என்னைப் பற்றின விஷயத்தைக்கூட இவனிடம்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன்!

இனியன் எழுந்து அஸ்தியைக் கரைத்தான். சாம்பல் நீரில் கொஞ்சம் நின்று, பிறகு கலைந்தது.

ஏசுதாஸ் பழைய ஈயக்குண்டைக் கொண்டுவந்திருந்தான். "அண்ணாத்தைக்காக ஒரு தபா போட்டுப் பாத்துடறேன்," என்று கயிற்றைப் பிரித்தான்.

"குடுங்க இப்டி."

"அண்ணி, கை அறுத்துரும்..."

"குடுங்கன்றேன்ல!"

குண்டு இறங்க இறங்கக் கயிறு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. பிறகு தளர்ந்தது. அவள் நீர்மட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து கை விரித்து விரித்து அளந்து உள்ளே இழுத்தாள். அளந்த ஈரக் கயிறெல்லாம் மடியில் சேர்ந்தது. ஒன்பது முடிந்த பிறகும் குண்டு வரவில்லை. இன்னும் ஒரு சாண் இழுத்தாள். குண்டின் அடியில் கொழுப்பில் கறுத்த சேறு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஏசுதாஸ் எட்டிப் பார்த்தான். "எவ்ளோ அண்ணி? ஒம்பது கரெக்ட்டா?"

சியாமளா கயிற்றின் மேல் புடவையை இழுத்து மூடினாள்.

"கரையப் பாத்து ஓட்டுங்க," என்றாள்.