சிரித்த முகம் வேண்டுமாம்

சவப்பெட்டியில் கிடந்த அக்காவின் உதட்டோரங்களைச் சாட்சியம்மா இரண்டு விரலால் மேலே தூக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். விரலை எடுத்ததும் உதடு பழையபடி இறங்கிவிடும். மறுபடியும் தூக்குவாள்.

"சந்தோஷமா வாழ்ந்த பிள்ளை. முகம் இப்படித் தொங்கிக்கிட்டுப் போகலாமா?"

தங்கைக்கு அருவருப்பாக இருந்தது. பிணத்தைப் பார்த்தல்ல. இவள் மருந்துக்கடை வைத்திருப்பவள், சீழ் பிடித்த புண்ணுக்குக் கட்டுத்துணி எடுத்துக் கொடுத்துவிட்டு அதே மேஜையில் டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறவள். பவுடர் மணக்கும் அந்தக் கொழுத்த விரல்களைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"கையை எடுங்க."

"என்னம்மா?"

"கையை எடுங்கன்னேன். நேத்து காலையில தையல் மிஷின் மேல சாய்ஞ்சு போயிட்டா. நெஞ்சு வலியில யாரும் சிரிச்சுக்கிட்டுச் சாகிறதில்ல."

சாட்சியம்மா கையை எடுத்துக்கொண்டு, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். அதற்கும் அருவருப்பாக இருந்தது.

பெற்றவர்கள் வைத்த பேர் என்னவோ, சபையில் எல்லாருக்கும் அவள் சாட்சியம்மாதான். யாருக்குக் காய்ச்சல் விட்டாலும் யாருக்கு வேலை கிடைத்தாலும் மைக்கைக் கையில் திணித்து, "ஆண்டவர் செஞ்சதை எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லு" என்பாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அக்கா கையிலும் திணித்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற கை அது. அதற்கு முன் ஏழு மாதம், ஊசியில் நூல் கோக்கக்கூட மனமில்லாமல், அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாள். மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை மூன்றாவது வாரம் வேலைசெய்ய ஆரம்பித்தது. எழுந்தாள், தலை வாரினாள், கோயிலுக்கு வந்தாள். வந்த அன்றைக்கே மைக். முந்நூறு பேர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஜெபத்தால சுகமாச்சு, மாத்திரையை எல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டாள். வருஷா வருஷம் சாட்சி ஞாயிறு அன்று அதே பொய்யை அதே மைக்கில் சொல்லவைத்தார்கள்.

மாத்திரையை மாதாமாதம் சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தது தங்கைதான். அக்கா ஒன்றை உள்ளங்கையில் வைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொள்வாள். "இதையும் நீர்தானே குடுத்தீர் ஆண்டவரே. நாளைக்குக் காலையில என்னை எழுப்பிவிடும்." அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. அந்த ஜெபத்தை நம்பித்தான் பதினோரு வருஷம் காலையில் எழுந்தாள். அந்தப் பொய் மட்டும் முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. "நான் செத்தாலும் வெளியில சொல்லிடாதடி" என்று தங்கையிடம் வாக்கு வாங்கியிருந்தாள். தங்கையும் சரி என்று வாயை மூடிக்கொண்டாள். அதை நினைத்தால் தன்மேலேயே காறித் துப்பலாம்போல் இருந்தது.

கோயிலில் அடக்க ஆராதனை தொடங்கியது. கீபோர்டு வாசிக்கிற பெண் தலையைத் தூக்காமல் வாசித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெற்று நான்கு மாதம். மூன்று வாரத்துக்கு முன்னால் டாக்டர் சீட்டோடு கடைக்கு வந்து, "எங்க வீட்டுல தெரிஞ்சா திட்டுவாங்கக்கா" என்று சொல்லி மாத்திரையைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு போனவள். அவள் குனிந்திருந்ததைப் பார்த்தால், மாமியார் பையைத் துழாவியிருக்க வேண்டும். மாமியாருக்குத் தெரிந்தது சாட்சியம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா?

சாட்சியம்மா மைக்கைப் பிடித்தாள். "இந்தச் சகோதரி மாத்திரையைத் தூக்கிப் போட்டா. பதினோரு வருஷம் ஆண்டவர் ஒருத்தரை மட்டும் நம்பி வாழ்ந்து காட்டினா. இங்க உட்கார்ந்திருக்கிற ஒரு மகளுக்கும் சொல்றேன், நீயும் தூக்கிப் போடு!" கண் நேராகக் கீபோர்டுப் பக்கம் போனது. அந்தப் பெண்ணின் தலை இன்னும் குனிந்தது.

செத்தவளைத் தூண்டிலில் கோத்து இன்னொருத்திக்கு வீசுகிறாளே என்று தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குடும்பத்துல யாராவது ரெண்டு வார்த்தை பேசுறீங்களா?" என்று சாட்சியம்மாவே கேட்டாள்.

தங்கை எழுந்தாள். அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் எல்லாம் தெரியும்.

"வேண்டாம்மா. போறப்பவாவது நல்ல பேரோட போகட்டும்."

"இது நல்ல பேரா அத்தான்?"

அவர் பிடி தளர்ந்தது.

மைக் ஈரமாக இருந்தது. தங்கை அதைப் புடவையில் துடைத்துவிட்டுப் பேசினாள்.

"எங்க அக்கா மாத்திரையைத் தூக்கிப் போடல. முந்தாநாள் ராத்திரி வரைக்கும் போட்டா. குடுத்தது நான். ஜெபம் பண்ணிட்டுத்தான் போடுவா, ஒருநாள்கூட ஜெபத்தையும் விட்டதில்ல, மாத்திரையையும் விட்டதில்ல. உங்களுக்குப் பயந்து பொய் சொன்னா. நானும் அதுக்குத் துணை போனேன். சொல்லமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருந்தேன், இப்ப மீறிட்டேன். அவளை நான் நேர்ல பாக்கும்போது பேசிக்கிறேன்."

சாட்சியம்மா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "துக்கத்துல புத்தி தடுமாறிப்போச்சு பாவம். பாட்டு ஆரம்பிங்க!"

கீபோர்டு ஒலிக்கவில்லை. "ஆரம்பிம்மா!" என்று மறுபடி குரல் வந்தது. அந்தப் பெண் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் யாரோ வாத்தியமில்லாமல் பாடத் தொடங்கினார்கள். சுருதி ஆளுக்கொரு பக்கம் போனது.

கல்லறையில் எல்லாரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். தங்கையிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தான் மட்டும் ஒரு நிமிஷம் பக்கத்தில் வந்து நின்றுவிட்டுப் போனார். அப்புறம் கீபோர்டுப் பெண், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அக்கா, நான் போன ஞாயித்துக்கிழமையே மாத்திரையைக் கழிவறையில கொட்டிட்டேன். இந்த ஒரு வாரமா என்னென்னமோ தோணுது. பிள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு. உங்க வீட்டுல துக்கம், கேக்கக் கூடாது... நாளைக்குக் கடை திறப்பீங்களா?"

தங்கை அவள் தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"வா. முதல்ல டாக்டருக்குப் போன் போடலாம்."

அன்றைக்கே மத்தியானம் மூன்று மணிக்கு, விரல் இடுக்கெல்லாம் மண்ணோடு, கடையின் ஷட்டரை மேலே தூக்கினாள்.