கிரேன் கூண்டில் ஒரு பச்சை ஜன்னல்

எடைமேடைக்காரரின் சின்ன மகள் கிரேன் ஓட்டுநர் தேர்வுக்குப் போனபோது வீட்டு ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போனாள். அது வராமல் அவள் காலும் வராது என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. அதனால் அவளும் அம்மாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு, ஏன் என்று கேட்டவர் யாருமில்லை.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் மாடிக்காரர். அதே வீட்டு மாடியில் குடியிருந்த எழுத்தாளர். நல்ல மனிதர்தான், அடுத்தவர் கஷ்டத்தைக் கண்டால் அன்றைக்கே எழுதிவிடுகிற அளவுக்கு இளகிய மனசு. கீழ்வீட்டில் கஷ்டத்துக்குப் பஞ்சமில்லை. எடைமேடைக்காரரின் பெரிய மகள் வேலைக்கென்று வெளியூர் போய், அங்கேயே ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு இருந்துவிட்டாள். ஒருத்தி போனது போதும் என்று அப்பா சின்னவளைப் பள்ளிப் படிப்போடு வீட்டில் உட்காரவைத்தார். அவளுக்கோ கிரேன் மேல்தான் கண். சரக்கு யார்டில் எடைமேடையைப் பார்த்துக்கொள்ளும் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தே, எந்த நெம்புகோலை இழுத்தால் எந்தச் சங்கிலி இறங்கும் என்று மனப்பாடம் செய்திருந்தாள். அந்த வேலைக்குத்தான் போவேன் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்க, அப்பா கத்த, அந்தச் சண்டை மாடிவரை கேட்டது. மாடிக்காரர் கண் கலங்கிப்போய் ஒரே மூச்சில் கதை எழுதி வார இதழுக்கு அனுப்பினார். கதையில் வந்த பெண் கடைசிவரை வாயே திறக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அவள் ஜன்னலருகே வந்து, இருட்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே நின்றாள் என்று கதை முடிந்தது. தலைப்பில் சிறகு என்றொரு சொல் இருந்தது. கதையில் பறந்தவர் யாருமில்லை.

இதழ் கடைக்கு வந்த அன்று மாலை ஐந்து மணிக்குச் சின்னவளின் கால்கள் தாமாக எழுந்துபோய் ஜன்னலருகே நின்றன. மறுநாளும் அப்படியே. ஒருமுறை பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்திருந்தவள், பஞ்சு வாயிலிருக்க, பாதி பிடுங்கிய பல்லோடு வீட்டுக்கு நடந்து வந்து நின்றாள். இன்னொரு முறை ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். தலைகீழாக நின்று பார்த்தும் கால்கள் இருட்டுகிறவரை அசைந்து கொடுக்கவில்லை. அப்பாவுக்கு இது பெரிய நிம்மதி. கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருக்கும் வேலை அவருக்கு மிச்சமாயிற்று. இதற்குள் வாசகர்கள் வேறு வரத் தொடங்கினார்கள். ஐந்து மணியானால் தெருவில் கூட்டம் கூடி, ஜன்னலில் நிற்கிற பெண்ணைப் பார்த்து மூக்கைச் சிந்தும். சிலர் கம்பி வழியே கை நீட்டிக் கன்னத்தைத் தடவினார்கள். சின்னவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அதையும் அவர்கள் சோகம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் காலை அவள் மாடியேறிப் போனாள்.

"அந்தக் கடைசி வரியை மட்டும் மாத்திக் குடுங்க சார். எனக்கு வேலை கெடுது."

மாடிக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "அந்த வரிக்குத்தாம்மா எல்லாரும் அழறாங்க. உனக்காகத்தானே எழுதினேன்."

"எழுதறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். நான் ஜன்னல் பக்கமே போகமாட்டேன். அந்தப் பக்கம் கொசு."

கொசுவை அவர் யோசித்திருக்கவில்லை. அச்சானது அச்சானதுதான் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஆனாலும் சின்னவள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காலை வகுப்பில் சேர்ந்து கிரேன் படித்தாள். காலையில் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்டன. பிறகு தேர்வுக்குத் தேதி வந்தது. பகல் ஷிப்டு முடிந்து கிரேன் ஓய்ந்த பிறகுதான் சோதனை வைக்க முடியும் என்பதால் நேரம் மாலை ஐந்து என்று போட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் தேர்வு. அடுத்த தடவைக்குள் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அன்று அவள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய் ஜன்னலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கால்கள் தேடிப் போவது சுவரை அல்ல, ஜன்னலைத்தான் என்று அவளுக்குப் பட்டது. சரியா தவறா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை.

"ஜன்னலைக் கழட்டிடலாமாம்மா?"

அம்மா அதிகம் பேசாதவள். "உங்கப்பா எட்டரைக்குக் கிளம்பிடுவார். சுத்தியல் பரண் மேல இருக்கு" என்றாள்.

தேர்வு நாளன்று இருவரும் உளியும் சுத்தியுமாக மதியம்வரை இடித்தார்கள். கம்பியோடும் சட்டத்தோடும் ஜன்னல் முழுசாக வந்தது. பஸ்ஸில் கண்டக்டர், "ஜன்னலையே கொண்டாந்துட்டு ஜன்னலோர சீட்டு வேற வேணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு, தானே ஒரு கை கொடுத்து ஏற்றினார். யார்டில் தேர்வு அதிகாரி விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். ஓட்டுநர் கூண்டுக்குள் குடை கூடாது, குழந்தை கூடாது, தின்பண்டம் கூடாது என்று இருந்தது. ஜன்னலைப் பற்றி ஒன்றுமில்லை. கிரேனின் கொக்கியிலேயே மாட்டி அதை மேலே ஏற்றி, கூண்டின் முன்பக்கத் திறப்பில் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

சங்கு ஊதியது. ஐந்து மணி. சின்னவளின் கால்கள் திரும்பின. கீழே அம்மா முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றாள். கால்கள் கூண்டுக்குள் இரண்டு எட்டு வைத்து, ஜன்னல் முன்னால் போய் நின்றன. நெம்புகோல்கள் இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. வெளியே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கிரேன் ஓட்டுகிறவரின் வேலையும் என்பதால் கால்களுக்கும் வேலைக்கும் தகராறு எதுவும் வரவில்லை.

எட்டு டன் இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கி, யார்டைக் கடந்து கொண்டுபோய், எடைமேடையில் இறக்க வேண்டும். அதிராமல் இறக்கினால் எடைக்கருவியின் முள் ஒரே சீராக ஏறி நிற்கும். தடாலென்று போட்டால் முள் துள்ளும், தேர்வு அதோடு சரி. முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் எடைமேடைக்காரர். தேர்வுக்கு வந்திருப்பது யார் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. தலைக்கு மேல் வந்த சரக்கை அண்ணாந்து பார்த்தவர், கூண்டில் தன் கையால் பச்சை அடித்த ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்குப் பின்னால் மகள் முகம். அவள் அவரைப் பார்க்கவில்லை, சங்கிலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், அவள் வீட்டோடு இருந்துவிடுவாள் என்றும் அந்தக் கணத்திலேயே தோன்றியது.

கட்டு மேடையில் வந்து உட்கார்ந்தது. தூசிகூட எழவில்லை.

"என்னங்க, முள்ளு?" என்றார் அதிகாரி.

இருபத்தாறு வருஷத்தில் எடைமேடைக்காரர் மச்சானுக்காகக்கூட எடையை மாற்றிச் சொன்னதில்லை. மறுபடி முள்ளைப் பார்த்தார்.

"ஆடலைங்க," என்றார். குரல்தான் கொஞ்சம் ஆடியது.

அன்று அழ வந்த வாசகர்கள் சுவரில் இருந்த ஓட்டையையும் உள்ளே கொடியில் தொங்கிய சட்டையையும் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சிறிது அழுதுவிட்டுக் கலைந்தார்கள். அப்பா பத்து நாள் மகளோடு பேசவில்லை. பதினோராம் நாள் கொத்தனாரோடு வந்து, ஓட்டையைக் கீழேவரை இடித்து, அங்கே ஒரு கதவு வைத்தார். காற்று வரட்டும் என்றார். இரண்டு வருஷம் கழித்துப் பெரியவள் கைக்குழந்தையோடு வந்தபோது அந்தக் கதவு வழியாகத்தான் வந்தாள். யார்டில் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஜன்னலுக்கு போல்ட் அடித்தார்கள். சின்னவள் சாயங்கால ஷிப்டையே நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வருஷா வருஷம் கிரேனுக்கு வண்ணம் பூசும்போது ஜன்னலுக்கும் பூசினார்கள்.

பல வருஷம் கழித்து மாடிக்காரரின் கதை பாடப்புத்தகத்தில் சேர்ந்தது. இளையோர் குடும்பத்திலும் சமூகத்திலும் படும் பாட்டைக் கதை எவ்வாறு காட்டுகிறது என்பது ஐந்து மதிப்பெண் கேள்வி. பிள்ளைகள் பக்கம் பக்கமாக ஏக்கம், இருள், கூண்டுப்பறவை என்று எழுதினார்கள். தாத்தா வீட்டில் தங்கிப் படித்த பெரியவளின் மகள் இரண்டே வரி எழுதினாள். சித்தி ஐந்து மணியிலிருந்து இருட்டும்வரை ஜன்னலில் நின்று வெளியே பார்ப்பது உண்மைதான். அந்த நேரத்தில் நூறு டன்னாவது தூக்குவாள்.

டீச்சர் அவளைக் கூப்பிட்டார். "அது நூறு இல்ல, நூத்தி இருபது. எங்க வீட்டுக்காரரும் அந்த யார்டுலதான்" என்று திருத்திவிட்டு, நாலரை போட்டார்.