பொடுகுப் பனி

பல் துலக்கிக்கொண்டே கைபேசியைப் பார்ப்பது இன்ஹோவின் கெட்ட பழக்கம். அன்று காலை அந்தப் பழக்கத்தால் குளியலறைக் கண்ணாடி முழுக்க நுரை.

'சியோலில் முதல் பனி. இன்று அதிகாலை மேட்டு வானிலை நிலையத்தில் பதிவானது' என்றது செய்தி.

வாயைக்கூடத் துடைக்காமல் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான். தெரு அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. எதிர்வீட்டு வாசலில் கிம்ச்சி ஊறுகாய் போடுவதற்காக அடுக்கியிருந்த முட்டைக்கோஸ் குவியலின் மேல் ஒரு பூனை படுத்திருந்தது. அதன் கறுத்த முதுகில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. காரின் கூரை, குப்பைத் தொட்டி மூடி, மின்கம்பி என்று கண்ணால் துழாவினான். எங்கும் ஒன்றுமில்லை.

"இதுக்குப் பேரு பனியா?" என்று பூனையிடம் கேட்டான். பூனை அவனைச் சட்டை செய்யவில்லை.

இன்ஹோ ஆற்றுக்குத் தெற்கே ஒரு டயர் கடையில் வேலை பார்ப்பவன். அது வயிற்றுக்கு. உயிருக்குப் பனி. பனிப் பிரியர்களுக்காக இணையத்தில் 'வெள்ளைப் பைத்தியங்கள்' என்று ஒரு குழு இருக்கிறது. அதற்கு அவன்தான் தலைவன். கோடையில் ஊரே கடற்கரைக்கு ஓடும்போது சைபீரியாவின் காற்றழுத்தப் படங்களை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பனி என்றால் காலணியை விழுங்க வேண்டும். வாசல் தாண்டிய நாய் யோசித்துத் திரும்பி வர வேண்டும். வாயாடி நகரம் ஒரு பகலாவது வாயை மூட வேண்டும். மற்றதெல்லாம் அவனுக்குப் பொடுகு.

அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சமீபத்தில் வந்த குளிர்காலங்கள் எல்லாமே மோசடி. ஒரு வருடம் கனத்த பனி என்று பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வந்தது சளி மாதிரி ஒரு சேறு. அடுத்த வருடம் மேகம் எல்லாம் திரண்டு வந்து மேற்குக் கடலிலேயே கொட்டிவிட்டுப் போனது, மீன்கள் கொண்டாடின. இந்த இரண்டுக்கும் முந்தைய வருடம்தான் கொடுமை. இன்ஹோவின் தெருவில் கணுக்கால் வரை கொட்டியது. ஆனால் பதிவேட்டில் 'அளக்க முடியாத அளவு' என்று எழுதினார்கள். ஏனென்றால் இந்த ஊரில் எங்கே எவ்வளவு பெய்தாலும் கணக்கு ஒன்றுதான்: வடக்கே பழைய மதில் ஓரம், மேட்டின் மேல் இருக்கும் நிலையத்து முற்றம். டூட்டியில் இருப்பவர் அங்கே நின்று கண்ணால் பார்த்தால் பெய்தது. பார்க்காவிட்டால் பெய்யவில்லை.

அன்று கொதித்துப்போய் அந்த நிலையத்துக்கு ஃபோன் போட்டுக் கத்தினான். மறுமுனையில் ஒரு பெண் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க தெரு எங்க முற்றத்துல இல்லீங்களே" என்றாள்.

அந்தக் குரலின் பெயர் நாம்குங் சோரா. ஒரு மாதத்தில் காதலாகிவிட்டது. பனியை நேசிப்பவனும் பனியைப் பதிவு செய்பவளும். பொருத்தம் என்று ஊரே சொன்னது. ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. கல்யாணப் பேச்சை நல்ல பனியில் நின்றுதான் எடுப்பேன் என்று இன்ஹோ மனசுக்குள் சபதம் போட்டிருந்தான். பனி வரவில்லை. பேச்சும் வரவில்லை. குளிர்காலங்கள்தான் வந்து வந்து போயின.

இந்த இலையுதிர் காலத்தில் சோராவின் பொறுமை தீர்ந்தது. தெற்குத் தீவில் ஒரு இடம் காலியாக இருந்தது; பனையும் ஆரஞ்சும் வளர்கிற ஊர். அவள் குரலை உயர்த்தவில்லை.

"முதல் பனி நாளு. இருட்டறதுக்குள்ள மேட்டுக்குக் கீழ இருக்கிற கஞ்சிக் கடைக்கு வந்து கேக்க வேண்டியதைக் கேளு. வரலைன்னா நான் தீவுக்கு மாற்றல் எழுதிக் கொடுத்துடுவேன். அதுவரைக்கும் ஃபோன் வேணாம்."

முதல் பனி நாளில் சந்திப்பதாகச் சொல்லி வைத்துக்கொள்ளாத காதலர்கள் இந்த ஊரில் கிடையாது. இன்ஹோ சந்தோஷமாகத் தலையாட்டினான். மோதிரமும் வாங்கினான். எது பனி என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

அதனால்தான் அன்று காலை நுரை வாயோடு ஜன்னலில் நின்றபோது அவனுக்குச் சோராவின் நினைவே வரவில்லை. கோபம்தான் வந்தது. தடவிப் பார்க்க முடியாத, மிதிக்க முடியாத, பூனை முதுகில்கூட ஒட்டாத ஒன்றுக்கு 'முதல்' என்ற பட்டமா? வருடம் முழுக்கக் காத்திருந்த மாப்பிள்ளைக்குப் பதிலாக எவனோ மாலையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றது மாதிரி இருந்தது. உட்கார்ந்து குழுவில் தட்டினான்.

'முதல் பனி என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். பார்த்தவர் கண்ணில் பூளை. அல்லது பக்கத்தில் நின்றவர் தலையில் பொடுகு. நம் குழுவின் கணக்கில் முதல் பனி இன்னும் விழவில்லை. நாளை விழும்.'

நாளை விழும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. முன்னறிவிப்பு அப்படி. கனத்த பனி, காலணி முழுகும் பனி என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மோதிரம் நாளைக்குத்தான்.

கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் குழு கொந்தளித்துவிட்டது. ஒருவன் நிலையத்தின் படத்தில் ஷாம்பூ பாட்டிலை ஒட்டி அனுப்பினான். இன்னொருவன் பார்த்தவருக்குக் கண் மருத்துவரின் முகவரி தந்தான். 'பொடுகுப் பனி' என்ற பெயர் குழுவைத் தாண்டி வெளியே போய், மதியத்துக்குள் ஊர் வாயில் விழுந்தது. இன்ஹோ ஒவ்வொன்றையும் படித்துப் படித்துச் சிரித்தான்.

கடை முதலாளி மேங் டால்சு சிரிக்கவில்லை. அவர் பனிக்கால டயர்களைக் கூரை வரை அடுக்கி வைத்துக்கொண்டு வானத்தை முறைத்துக்கொண்டிருப்பவர்.

"அப்போ இன்னிக்கு நீ கஞ்சிக் கடைக்குப் போகலையா?" என்றார்.

"எதுக்குண்ணே? பனி விழற நாளுக்குத்தானே வரச் சொன்னா. இன்னிக்கு எங்க விழுந்துச்சு?"

"விழுந்துச்சுன்னு டிவில சொன்னானே."

"அவனுங்க சொல்றதை எல்லாம் நம்பலாமா?"

டால்சு ஒரு டயரை உருட்டிவிட்டு நிமிர்ந்தார். "இன்னிக்குச் சொன்னதை நம்பாதே. நாளைக்குச் சொன்னதை மட்டும் நம்பு. நல்லா இருக்குடா உன் நியாயம்."

இன்ஹோவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. சோராவும் விவரம் தெரிந்தவள், அந்தத் தூசியை அவளே பனி என்று ஒத்துக்கொள்ளமாட்டாள் என்று வாதாடினான். அதோடு அவள் இப்போது முற்றத்து வேலையிலேயே இல்லை. அக்டோபரிலேயே மேல்மாடி அலுவலகத்துக்குப் போய்விட்டாள். பார்த்தது எவனோ ஒரு தூங்குமூஞ்சி. டால்சு உதட்டைப் பிதுக்கியதோடு சரி.

பழைய டயர் மாற்ற வந்த லாரியால் மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. பக்கத்து நூடுல்ஸ் கடையில் இருவரும் உட்கார்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் அதே முதல் பனிச் செய்தி. ஊரெல்லாம் கேலி செய்வதாக அறிவிப்பாளர் சிரித்தபடி சொன்னார். பிறகு நிலையத்தின் முற்றத்தைக் காட்டினார்கள். தலையை மூடிய கனத்த கோட்டில் ஒரு உருவம், முகம் தெரியவில்லை, வானத்தின் வடமேற்கு மூலையைச் சுட்டிக் காட்டியது.

கேமரா கையை நெருங்கியது.

சுட்டிய விரலுக்கு அப்பால், மடங்கிய சுண்டுவிரலின் நக நுனியில் ஒரு கீற்றுச் சிவப்பு.

இன்ஹோவின் வாயிலிருந்த நூடுல்ஸ் கிண்ணத்துக்கே திரும்பியது.

ஆகஸ்டில் அவனுடைய அம்மா காசித்தும்பைப் பூவைப் படிகாரத்தோடு அரைத்து, இலையில் பொதிந்து சோராவின் சுண்டுவிரலில் கட்டிவிட்டிருந்தாள். அந்தச் சிவப்பு முதல் பனி வரை நகத்தில் நின்றால் காதல் கைகூடும் என்பார்கள். நகம் வளர வளரச் சிவப்பு மேலேறிப்போய், இதோ, நுனியில் நூலிழையாக நிற்கிறது. ஒரு தடவை நகம் வெட்டினால் காலி.

"அண்ணே," என்றான். "பார்த்தது அவதான்."

டால்சு திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "அப்போ கண்ணுல பூளைன்னு யாரைடா எழுதின?" என்றார். பிறகு, "ஓடு" என்றார்.

ஓடினான். மோதிரம் வீட்டில் இருந்தது, வீடு எதிர்த்திசையில். போகட்டும் என்று விட்டான். ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. நாளைய கனத்த பனிக்குப் பயந்து ஊரே அன்று சீக்கிரம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. டாக்ஸியை விட்டு இறங்கி மெட்ரோவுக்குள் பாய்ந்தான். பெட்டிக்குள் நெருக்கியடித்து நின்ற இரண்டு பெண்கள் கைபேசியில் ஷாம்பூ படத்தைக் காட்டிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இன்ஹோவுக்குத் தன் வாயைத் தானே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போலிருந்தது. இதற்கு நடுவில் ஒரு கெட்ட சந்தேகமும் எட்டிப் பார்த்தது: சிவப்பு போகப் போகிறதே என்று அவளாகவே எழுதிவிட்டாளோ?

நிலையத்தின் மேட்டுக்குக் கீழே அவன் மூச்சிரைக்க ஓடி வந்தபோது வானம் சாம்பல் நிறத்திலிருந்து கறுக்கத் தொடங்கியிருந்தது. தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. கஞ்சிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் சோரா தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரில் சிவப்புப் பயறுக் கஞ்சி, பாதி காலி. பக்கத்தில் கைபேசி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"வாங்க," என்றாள். "உக்காருங்க. என் கண்ணுல பூளை இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

மூன்று வருடங்களில் அவள் அவனை 'வாங்க போங்க' என்றது முதல் ஃபோனுக்குப் பிறகு இப்போதுதான். இன்ஹோவுக்கு வியர்த்தது. அவள் மாடியில் இருப்பதாக நினைத்தேன் என்று உளறினான். காலை டூட்டிக்காரர் கிம்ச்சி போட லீவில் போனதால் தான் நின்றதாக அவள் சொன்னாள். வேறு யாராவது நின்றிருந்தால் அவன் குழுவில் அப்படி எழுதியது சரியாகிவிடுமா என்றும் கேட்டாள். பதிலுக்குப் பதில், தொண்டையில் நின்ற சந்தேகம் வெளியே விழுந்துவிட்டது.

"நிஜமாவே பெய்ஞ்சுதா?"

சோரா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பொய் எழுதணும்னா முழங்கால் அளவு பனின்னு எழுதியிருப்பேனே. ஊரும் சிரிச்சிருக்காது, நீங்களும் மோதிரத்தோட வந்திருப்பீங்க." கோபத்தில் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நாலஞ்சு பொட்டுதான். ஒண்ணு என் கோட்டுக் கையில வந்து உக்காந்துச்சு. ஆறு முனையும் தெரிஞ்சுது. நான் மூச்சு விட்டதும் போயிடுச்சு. கூட இருந்தவரும் பார்த்தாரு. எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சேன். இதை எழுதினா இன்னிக்கே இருட்டறதுக்குள்ள நீங்க வரணும். வரமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். பார்க்காத மாதிரி உள்ள போயிருக்கலாம். எழுதிட்டுத்தான் போனேன்."

வெளியே தெருவிளக்கு ஒன்று கண் சிமிட்டி எரிந்தது.

"இப்போ நீங்க சொல்லுங்க. இன்னிக்குப் பனி பெய்ஞ்சுதா, இல்லையா?"

"உன் முற்றத்துல..."

"முற்றம், தெரு எல்லாம் வேணாம். பெய்ஞ்சுதா?"

அவனுக்குள் ஒரு குளிர்காலக் கூட்டமே எழுந்து நின்று எதிர்த்தது. பொட்டுகளை ஒருபோதும் பனி என்று ஒத்துக்கொள்ளாதவன் என்பதற்காகத்தானே அத்தனை பேர் அவனைத் தலைவன் என்கிறார்கள்.

"பெய்ஞ்சுது," என்றான். கஷாயம் குடித்த முகம்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. சிரிச்சவங்ககிட்ட?"

இன்ஹோ கைபேசியை எடுத்தான். டயர் கறுப்பு விரல்கள் திரையில் வழுக்கின. தட்டி முடித்ததும் அவளிடம் நீட்டினான்.

'இன்று முதல் பனி பெய்தது. பார்த்தவரை எனக்குத் தெரியும். அவர் பொய் எழுதமாட்டார். பூளை என் கண்ணில்தான் இருந்தது. காலையில் நான் எழுதியது அசிங்கம்.'

அவள் படிக்கும்போதே பதில்கள் கொட்டத் தொடங்கின. துரோகி என்றான் ஒருவன். நிலையத்துக்காரன் டயர் வாங்கிவிட்டானா என்றான் இன்னொருவன். கஞ்சிக்கடைக்காரம்மா இன்ஹோவுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைப்பதற்குள் அவனைத் தலைமையிலிருந்து நீக்கிவிட்டார்கள். காலை முழுக்கக் கண் மருத்துவரின் முகவரி தந்துகொண்டிருந்தவன்தான் புதிய தலைவன்.

சோரா கைபேசியை மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"கேக்க வந்ததைக் கேளு," என்றாள்.

'கேளுங்க' இல்லை, 'கேளு'. இன்ஹோவுக்கு உயிர் வந்தது. மோதிரத்தை நாளைக்கென்று வீட்டிலேயே வைத்துவிட்டதையும் சொல்லி, கேட்க வேண்டியதையும் கேட்டான். அவள் சுண்டுவிரலை அவன் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நீட்டி வைத்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தச் சிவப்பைக் குனிந்து தேட வேண்டியிருந்தது.

"நாளைக்கு மோதிரத்தை எடுத்துட்டு வரேன். கனத்த பனியில நின்னு போட்டுவிடறேன்," என்றான், பழைய ஆசை விடாமல்.

"நாளைக்கு மழை."

"முன்னறிவிப்புல—"

"அவங்க படம் பார்த்துச் சொல்றாங்க. நான் இப்பதான் வெளிய நின்னுட்டு வந்தேன். காத்து வெதுவெதுன்னு இருக்கு. கஞ்சி ஆறுது, சாப்பிடு."

மறுநாள் காலை இன்ஹோ பல் துலக்கியபடி ஜன்னலைத் திறந்தான். மழை. அழுக்கு நிறத்தில், அவசரமே இல்லாமல், சாக்கடை மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு முட்டைக்கோஸ் குவியல் நனைந்து தொங்கியது. பூனையைக் காணவில்லை. முன்னறிவிப்பு ராத்திரியோடு ராத்திரியாக 'லேசான மழை' என்று மாறியிருந்தது. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை.

ஓங்கரித்துத் துப்பினான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, மோதிரப் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு மேட்டு நிலையத்தைப் பார்க்க நடந்தான்.