கேப்புக் குழியில் சந்தனம்

1993ஆம் வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் கோதண்டராமன் சுட்ட ஈயக் குண்டு, கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் அவர் தம்பி முருகையனின் மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு மேலே, இடுப்பு உயரத்தில், காற்றில் நின்றது. இன்னும் அங்கேதான் நிற்கிறது. நெல்லிக்காயைவிடச் சின்னது. மழையில் நனையும், வெயிலில் சுடும், கீழே விழாது.

கோதண்டராமன் யாரையும் நம்பாத ஆள். பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். சுட்ட பித்தளைத் தோட்டாவை வீசமாட்டார், மறுபடி மருந்து அடைப்பார். தோட்டாவின் அடியில், அடிபட்டதும் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு உட்காரச் சின்னக் குழி ஒன்று உண்டு. வெடித்த கேப்பைத் தட்டி எடுத்தால் குழியில் கரி படிந்திருக்கும். அதைச் சுரண்டாமல் புதுக் கேப்பு வைத்தால் சரியாக உட்காராது, சரியாக வெடிக்கவும் செய்யாது. அதனால் கோணி ஊசியை வளைத்து வைத்துக்கொண்டு குழி பளபளக்கும்வரை சுரண்டுவார். மனைவி பச்சையம்மாளைக்கூடத் தொட விடமாட்டார். அந்த வருஷப் பூஜையில் அவள் அரிவாளுக்கும் மோட்டாருக்கும் துப்பாக்கிக்கும் சந்தனம் வைத்தாள். சுரண்டி வரிசையாக நிறுத்தியிருந்த தோட்டாக்களைப் பார்த்தாள். குழி வெறுமனே இருக்கிறதே என்று ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு வைத்தாள். காய்ந்த சந்தனமும் பித்தளையும் ஏறக்குறைய ஒரே நிறம். கோதண்டராமனுக்கு அப்போதே கண்ணில் புரை, கேட்டால் இல்லை என்பார். சந்தனத்தின் மேலேயே கேப்பை அழுத்திவிட்டார்.

மறுநாள் பொழுது சாயும்போது தம்பி கொல்லையில் செடி அசைந்தது. பன்றி என்று சுட்டார். அசைந்தது தம்பி பெண்டாட்டி வள்ளி, குனிந்து மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். வெடிச் சத்தமே இல்லை. கோயில் வாசனை வந்தது. குண்டு குழாயை விட்டு இறங்கி, கிரிவலம் போகிறவர் மாதிரி நிதானமாக வந்து, அவள் மார்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது.

"இன்னா மாமா, என்னியவா சுட்டீங்க?"

"பன்னின்னு நெனச்சேம்மா."

"நல்லா நெனச்சீங்க. பன்னி என்னிக்குப் பச்சப் பொடவ கட்டிச்சு?"

கோதண்டராமன் வரப்பில் உட்கார்ந்து அழுதார். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு குண்டைச் சுற்றிப் பார்த்து, "இது இன்னும் போயே சேரலயே, இன்னான்னு கேசு எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதோடு முடிந்திருக்கும். பழக்கதோஷத்தில் கோதண்டராமன் அந்தத் தோட்டாவின் கேப்பைத் தட்டி எடுத்து, ஊசியால் ஒரு சுரண்டு சுரண்டினார். கொல்லையில் குண்டு ஒரு விரல்கடை முன்னே நகர்ந்தது. முருகையன் போட்ட கூச்சல் வீடுவரை கேட்டது. கையை நிறுத்தினார், குண்டும் நின்றது. குழியில் சந்தனம் இருக்கும்வரைதான் அது நிற்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. குண்டுக்கு நேர் எதிரே முருகையன் வீட்டு வாசல். வள்ளி கோலம் போடுகிற இடம்.

தோட்டாவைப் பெட்டியில் பூட்டினார். ஆனால் அழுக்குக் குழி உள்ளே இருக்கிறது என்று நினைத்தாலே அவர் கை ஊசியைத் தேடியது. கடைசியில் தோட்டாவை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார்.

"என் கைய நான் நம்பலம்மா. நீயே வச்சிக்கோ."

"என்னியச் சுட்டத என்கிட்டயே குடுக்கறீங்களா?"

"வேற யார நம்பறது?"

வள்ளி அதை சாமி மாடத்தில் வைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் குழியில் புதுச் சந்தனம் வைக்கிறாள். அண்ணாமலையார் நிறுத்தினார் என்று டவுன்காரர்கள் உண்டியலோடு வந்தார்கள். செடியை மிதிக்கிறார்கள் என்று வள்ளி விரட்டிவிட்டாள். கோதண்டராமன் பச்சையம்மாள் சந்தனப் பொட்டு வைத்த மோதிர விரலைத்தான் கும்பிட்டார், அவள் கூசிக் கையை இழுத்துக்கொள்ளும்வரை. 2001இல் திருவண்ணாமலை முகாமில் புரை எடுத்தபோது, எட்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாமே தாத்தா என்றாள் நர்ஸ். "அப்ப எடுத்திருந்தா சந்தனம் தெரிஞ்சிருக்கும், சொரண்டியிருப்பேன். இந்தப் பொண்ணு இருந்திருக்காது" என்றார். துணைக்குப் போயிருந்த வள்ளி, "நானும் பன்னியும் வேற வேறன்னும் தெரிஞ்சிருக்கும், மாமா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இப்போது களை எடுக்கிற நாட்களில் வள்ளி சோற்றுத் தூக்குவாளியை அந்தக் குண்டில் மாட்டிவிடுகிறாள். கீழே வைத்தால் எறும்பு ஏறும்.