ஊரூர் குப்பத்துக் கப்பல்

மயிலாப்பூரில் பூகோள வாத்தியாராக இருந்த ஸ்ரீரங்கனுக்கு 1931-ம் வருஷத்துக் கார்த்திகைப் புயல் ஒரு கப்பலைக் காட்டிவிட்டுப் போயிற்று. புயல் ஓய்ந்த மறுநாள் கடலைப் பார்த்துக்கொண்டே ஊரூர் குப்பம் வரை நடந்துவிட்டார். அங்கே அலை மணலை அரித்துக்கொண்டு போன இடத்தில், கறுத்த விலா எலும்புகள்போல மரச்சட்டங்கள் நீட்டிக்கொண்டிருந்தன. எந்தக் காலத்திலோ உடைந்து முழுகிய கப்பல்! கப்பல் என்றால் பெட்டி, பெட்டி என்றால் தங்கம். அதற்கு மேல் அவருக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

கையில் மண்வெட்டி இல்லை. பக்கத்தில் கிடந்த கட்டுமரத்திலிருந்து கப்பலுக்கு எத்தனை தப்படி என்று எண்ணினார். நாற்பத்திரண்டு. அதை மனப்பாடம் செய்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை மண்வெட்டியோடு வந்தால் கப்பலைக் காணோம். கடல் மணலைத் திரும்பக் கொண்டுவந்து கொட்டிப் பாய் விரித்ததுபோல் பரப்பியிருந்தது. நல்லவேளை அளந்து வைத்தோம் என்று கட்டுமரத்திலிருந்து நாற்பத்திரண்டு தப்படி நடந்து தோண்டினார். நாலு நாள் தோண்டினார். நாலாம் நாள், மீன்கூடையோடு அந்த வழியாகப் போன அங்காளம்மாள் நின்றாள்.

"இன்னா வாத்யாரே, தெனம் ஒரு எடமா தோண்டிக்கினு கீறே?"

"ஒரே இடம்தாம்மா. அந்தக் கட்டுமரத்துலேர்ந்து நாற்பத்திரண்டு தப்படி."

அங்காளம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது எங்கூட்டுக்காரர் மரம். தெனம் கடலுக்குப் போய்க்கினு வர்து. அலை எங்க தள்ளுதோ அங்க கரையேறும்."

ஸ்ரீரங்கன் மண்வெட்டிப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன்களுக்கு உலக உருண்டையில் தீவுகளைத் தொட்டுக் காட்டுகிறவர் அவர்.

"கப்பலா தேடறே? அத்தோட பொட்டி எங்கூட்ல கீது. வா, காட்றேன்."

குடிசை மூலையில் பித்தளைப் பட்டை அடித்த தேக்குப் பெட்டி. அவள் மாமனார் காலத்தில் இதேபோல் மணல் விலகியபோது கிடைத்ததாம்.

"உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன்.

"பித்தான். பொட்டி நெறைய சொக்கா பித்தான். அப்போ குப்பத்துல ஒருத்தன் கிட்டயும் சொக்கா கெடையாது. இப்போ நான் கருவாடு வெச்சிக்கினு கீறேன்."

மூடியைத் திறந்தாள். ஸ்ரீரங்கன் இரண்டடி பின்வாங்கி, மூன்றடி முன்னே வந்தார். அடியில் கள்ள அறை இருக்கும் என்று அவர் மனம் அடித்துச் சொல்லியது. எலி புகாத தகரப் பெட்டி ஒன்று பதிலுக்குத் தந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம் என்றாள் அங்காளம்மாள். மனைவி ஜலஜாவின் கல்யாணத் தகரப் பெட்டி அவர் ஞாபகத்துக்கு வந்தது. "நாளைக்கே கொண்டுவரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு, கருவாட்டைக் கொட்டிக் காலி செய்த தேக்குப் பெட்டியை அன்றைக்கே ஒரு ஜட்காவில் ஏற்றினார்.

ஜட்கா வண்டிக்காரர் கரீமுல்லா மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டார். "எனக்குப் பரவாயில்லே சாமி, குதிரைதான் மூஞ்சியத் திருப்பிக்கினு ஓடுது." மயிலாப்பூருக்குள் நுழைந்ததும் வண்டிக்குப் பின்னால் ஏழெட்டுப் பூனைகள் ஊர்வலமாக வந்தன.

"ஏன்னா, என்ன நாத்தம் இது!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள் ஜலஜா.

"பொறு, அடியிலே கள்ள அறை இருக்கு." முற்றத்தில் வைத்துக் கடப்பாரையால் அடிப்பலகையைப் பெயர்த்தார். பலகை வந்தது. அதற்குக் கீழே முற்றம் இருந்தது.

விஷயம் முழுவதையும் கேட்ட ஜலஜா, தன் கல்யாணப் பெட்டி எங்கேயும் போகாது என்றாள். மறுநாள் காலை அதே ஜட்காவில் அந்தப் பெட்டியை ஏற்றி, புருஷனையும் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்குப் போனாள். பெட்டியைப் புரட்டிப் பார்த்த அங்காளம்மாள் கேட்டாள்: "இன்னாம்மா, அடிப்பலகையே காணோம்? கருவாடு எதும்மேல நிக்கும்?"

பதில் சொல்ல வாயெடுத்த ஜலஜா கடற்கரைப் பக்கம் திரும்பினாள். ராத்திரி அலை மறுபடியும் மணலை அள்ளிப் போயிருந்தது. கறுத்த சட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன.

மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கிட்டத்தட்ட ஓடினாள். "மசமசன்னு நிக்கறேளே, அந்தப் பக்கம் தோண்டுங்கோ! தண்ணி ஏறிண்டு வரது!"

உச்சி வெயில் வரை இருவரும் தோண்டினார்கள். கிடைத்தது நீலப்பூப் போட்ட ஒரு பீங்கான் கிண்ணம், விளிம்புகூட உடையவில்லை. ஸ்ரீரங்கன் கை நீட்டினார். ஜலஜா கொடுக்கவில்லை. அலை ஏறி வந்து குழியை மூடியது.

"அந்தத் தகரப் பெட்டியை நாளைக்கே அனுப்பறேன், நீயே வெச்சுக்கோடியம்மா" என்றாள் அங்காளம்மாளிடம், கிண்ணத்தை முந்தானையால் துடைத்தபடியே. "அடுத்த புயல் எப்போ வரும், அதைச் சொல்லு."