வலிக்கிற பக்கம்

அவளை எல்லோரும் பிசியோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் இருந்த கிளினிக்கில் பல வருடங்களாக முட்டிகளையும் தோள்களையும் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தவள். வலி தாங்காமல் யாராவது கத்தினால், "நல்லா கத்துங்க, ஆனா காலை மட்டும் கீழ இறக்காதீங்க" என்பாள். அவள் ஒன்று சொன்னால் தட்டாமல் செய்வது நோயாளிகளுக்குப் பழகிப்போயிருந்தது. பிறகு நடந்ததற்கெல்லாம் அதுவும் ஒரு காரணம்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் பேய் மழை. கரண்ட் போய்விட்டது. ஏழெட்டுப் பேர் வீட்டுக்குப் போக முடியாமல் மாடி ஹாலில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தார்கள்.

"முனகற நேரத்துக்கு கண்ணை மூடி மூச்சையாவது ஒழுங்கா விடுங்க" என்றாள். "அவங்கவங்க சாமியை அவங்கவங்க கும்பிட்டுக்கோங்க. சாமி இல்லாதவங்க மழையைக் கேளுங்க."

மழை விட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்த புதன்கிழமை வானம் பளிச்சென்று இருந்தது. இருந்தும் அதே ஆட்கள் வந்து, "அக்கா, இன்னைக்கும் உட்காரலாமா?" என்று கேட்டார்கள்.

அப்படித்தான் அது தொடங்கியது. அவள் சிகிச்சைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். அரை மணி நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு டீ குடித்துவிட்டுக் கலைவார்கள்.

பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருந்தவள் கழுத்து வலியோடு வந்தவள். கணவன் விட்டுப்போன பிறகு ஒரு முழு இரவுகூடத் தூங்கியதில்லை. இங்கே வர ஆரம்பித்த பிறகுதான் விடியும்வரை தூங்கினாள். அந்த நன்றியை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள். செருப்புகளை வரிசையாக வைத்தாள். பாய்கள் வாங்கிப்போட்டாள். கூட்டம் நாற்பதைத் தாண்டியதும் ஒரு நாற்காலி கொண்டுவந்து, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தாள்.

"எதுக்கு இதெல்லாம்?"

"பின்னாடி இருக்கறவங்களுக்கு உங்க முகம் தெரியணும்ல அக்கா."

நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்தாள். அவள் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க ஆரம்பித்தது எப்போது என்று பிறகு யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் ஒருவருடைய சட்டையைப் பார்த்து, "நீலம் உங்களுக்கு நல்லா இருக்கு" என்று போகிறபோக்கில் சொன்னாள். மறுவாரம் ஹாலில் பாதிப்பேர் நீலத்தில் வந்திருந்தார்கள். பிறகு ஒரு பெரியவர் கைகட்டி, குரலைத் தாழ்த்தி, "அம்மா" என்றார். தெருவில் யாரும் யாரையும் கூப்பிடும் அம்மா இல்லை அது. ஒரு மாதத்தில் அக்கா காணாமல் போய், ஹால் முழுவதும் அம்மா ஆகிவிட்டது.

அவளுடைய கணவர் ஏசி மெக்கானிக். "நீ வீட்டுக்குள்ள வரும்போது நானும் எந்திரிச்சு நிக்கணுமா? இல்ல, பழைய பழக்கத்துக்கு சோபாவிலயே கிடக்கலாமா?" என்று கேட்டார்.

அவள் சிரித்தாள். ஆனால் உள்ளே சுருக்கென்றது. அந்த நாற்காலி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பகல் முழுவதும் மற்றவர்களின் பாதங்களைத் தூக்கிப் பிடிக்கிறவளை வாரத்தில் ஒரு நாள் நாற்பது முகங்கள் அண்ணாந்து பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்காது?

அந்த நாட்களில்தான் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு கணக்கு வாத்தியார் ஒரு கேள்வி கேட்டார். தோள் இறுகிப்போய், தலையை முன்னால் நீட்டி வளைந்து நடப்பதாலும், வாய் திறந்தால் கேள்வியாகவே வருவதாலும் அவருக்கு அங்கே கேள்விக்குறி என்று பெயர்.

"மூச்சுப் பயிற்சியில வலி குறையுது, ஒத்துக்கறேன். ஆனா மாத்திரையை நிறுத்திடலாம்னு நீங்க சொன்னதா பேசிக்கறாங்களே, நிஜமா சொன்னீங்களா?"

அவள் அப்படி ஒருபோதும் சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுற்றிலும் "ஷ்" என்றார்கள். "அம்மாவையே கேள்வி கேக்கறதா?" என்றது ஒரு குரல். அவள் பேசாமல் புன்னகைத்தாள். அந்தப் புன்னகையை எல்லோரும் மெச்சுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாள். கேள்விக்குறி மறுவாரம் வரவில்லை. பரீட்சை நேரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து, கூரியர் ஆபீசில் பார்சல் பிரிக்கும் ஒரு பெண் மணிக்கட்டு வலி என்று வந்தாள். கலகலப்பானவள். கையில் மெழுகு ஒத்தடம் வைத்திருந்த நேரம் முழுவதும் பேசிக்கொண்டே இருந்தாள். கட்டு போட்டு முடித்ததும் திடீரென்று குரல் மாறியது.

"கை சரியாயிடுமா?"

"ஆயிடும்."

"அப்போ எங்க அக்காவையும் சரி பண்ணிக் குடுத்துடுங்க."

"உங்க அக்கா யாரு?"

"பார்லர் வெச்சிருக்காளே, அவதான். ‘பிசியோ அக்காவும் நம்மள மாதிரி மனுஷிதானே’ன்னு ஒரு வார்த்தை சொன்னேன். அன்னையிலேர்ந்து என்கூடப் பேச்சில்ல. என் பொண்ணு பொறந்தநாளுக்குக்கூட வரல. அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தவ அவ. போய்க் கேட்டா, ‘வலிக்கிற பக்கமா படுக்காதேன்னு அம்மா சொல்லியிருக்காங்க. நீ எனக்கு வலிக்கிற பக்கம்’ங்கறா."

பிசியோ அக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அது அவ கழுத்துக்குச் சொன்னதுங்க. தலகாணியை எப்படி வெச்சுக்கறதுன்னு."

"எனக்குத் தெரியுது. அவளுக்குச் சொல்லுங்க."

அந்தப் புதன்கிழமை நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்னாள். "நான் சாதாரணமானவ. எனக்கும் தப்பு நடக்கும். யாரும் என்னை அம்மான்னு கூப்பிடாதீங்க."

ஹாலில் விசும்பல் கேட்டது. "எவ்வளவு அடக்கம் பாருங்க!" என்றார் ஒருவர். பார்லர்காரி பக்கத்திலிருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "கடைசி வரைக்கும் யார் நிக்கறாங்கன்னு நம்மள பரீட்சை பண்றாங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் இந்த முறை கேலி செய்யவில்லை. "அந்த நாற்காலியில உக்காந்து நீ எதைச் சொன்னாலும் அது அருள்வாக்குதான். எறங்கி வந்து சொல்லு."

"எப்படி எறங்கறது?"

"எனக்கென்ன தெரியும்? உன்னை நேருக்கு நேரா கேட்டவர் ஒருத்தர் இருந்தாரே, அவரைப் போய்ப் பாரு. வா, நானே வண்டியில கொண்டு விடறேன்."

கேள்விக்குறி சாப்பாட்டு மேசையில் பரீட்சைத் தாள்களைப் பரப்பித் திருத்திக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்றார். ஆனால் முகத்தில் சிரிப்பில்லை.

"நீங்க ஏன் வர்றதில்லைன்னு கேக்க வந்தேன்."

"நான் வரலைன்னு உங்களுக்கு இப்பதான் தெரிஞ்சுதா?" என்றார். பேனாவை மூடி வைத்தார். "என்கூட ஒரே பஸ்ஸுல வர்றவங்க மூணு பேர். இப்போ என்னைப் பாத்தா அடுத்த பஸ்ஸுக்கு நிக்கறாங்க. என்கூடப் பேசக்கூடாதுன்னு நீங்க சொன்னதா சொல்றாங்க."

"நான் சொல்லல."

"வேண்டாம்னும் சொல்லல."

"மன்னிச்சிடுங்க" என்றாள். அவர் எதிர்பார்க்கவில்லை போலும், தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

அவள் கேட்டாள். "நீங்க கும்பிடப் போற இடம் ஒண்ணு இருக்கு இல்ல? அதுக்கும் எங்க ஹாலுக்கும் என்ன வித்தியாசம்? நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

"அங்க நாற்காலி இன்னும் பெரிசு" என்றார். பிறகு யோசித்தார். "எங்க அப்பா செத்தப்போ எனக்கு எல்லார் மேலயும் கோவம். அங்க பிரசங்கம் பண்றவரை எல்லார் முன்னாடியும் ‘பொய் சொல்றீங்க’ன்னு கத்திட்டு வந்துட்டேன். வருஷக்கணக்கா அந்தப் பக்கமே போகல. அந்த மனுஷன் தெருவுல பாக்கும்போதெல்லாம் ‘உங்க அம்மா எப்படி இருக்காங்க’ன்னு கேப்பார். ஒரு நாள் எனக்கே தோணி திரும்பிப் போனேன். பக்கத்துல இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து இடம் குடுத்தார். வேற ஒண்ணும் நடக்கல."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "ரொம்பப் பெருமைப்பட்டுக்காதீங்க. வெளியில கல்யாணம் பண்ணிக்கிட்டான்னு எங்க அத்தையை ஒதுக்கி வெச்சதும் அதே இடம்தான். அவ சாவுக்குக்கூட யாரும் வரல." டீயோடு வெளியே வந்தாள். "பேரு என்ன, எவ்வளவு பழசுங்கறது எல்லாம் அப்புறம். அங்கேர்ந்து எந்திரிச்சுப் போறவங்களை என்ன பண்றாங்கன்னு பாருங்க. உங்களுக்கே தெரிஞ்சுடும்."

"அதுவும் நிஜம்தான்" என்றார் கேள்விக்குறி. வெளியே வண்டியில் சாய்ந்து நின்ற மெக்கானிக்கையும் உள்ளே கூப்பிட்டார்கள். டீ குடித்து முடித்ததும் அவள் சொன்னாள்: "புதன்கிழமை வாங்க. வந்து அதே கேள்வியைக் கேளுங்க."

"மறுபடியும் வாயை மூடச் சொன்னா?"

"நான் இருக்கேன்."

புதன்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் நாற்காலியைத் தூக்கி எக்ஸ்ரே அறைக்குள் வைத்தாள். பாய்களை வட்டமாகப் போட்டு, அவளும் கீழே உட்கார்ந்தாள். வந்தவர்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். கேள்விக்குறி உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. அவள் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மாத்திரையைப் பற்றிய அதே கேள்வியைக் கேட்டார். யாரோ "ஷ்" என்றார்கள்.

"யார் ‘ஷ்’ சொன்னது?" என்று அதட்டினாள். சிகிச்சை நேரத்தில் காலை இறக்கிவிடுகிறவர்களை அதட்டும் அதே குரல். "அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்னைக்கே பதில் சொல்லியிருக்கணும், நான் சொல்லல. தப்பு என்னோடது. மாத்திரையை நிறுத்துங்கன்னு நான் யாருக்கும் சொல்லல. யாராவது நிறுத்தியிருக்கீங்களா?"

மெல்ல மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒருவர் சர்க்கரை நோயாளி. அதே கிளினிக்கில் கீழ்த்தளத்தில் இருந்த டாக்டரைக் கூப்பிட்டு, மூவரையும் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அடுத்து யாரு கேக்கறீங்க?"

மூலையிலிருந்து ஒரு அம்மாள், "ஒரு வாரம் வரலைன்னா ஏதாவது கெட்டது நடக்குமா?" என்றாள்.

"நடக்கும். டீ மிஞ்சிப்போகும்."

சிரிப்பு வெடித்தது. அதன்பிறகு கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. நீலச் சட்டைதான் போடவேண்டுமா? கண்ணை மூடினால் தூக்கம் வருகிறதே, பரவாயில்லையா? தன் மதத்தில் இப்படி உட்காரலாமா என்று கேட்டார் ஒருவர். "அதை உங்க வீட்டுலயும் உங்க பெரியவங்ககிட்டயும் கேளுங்க, எனக்குத் தெரியாது" என்றாள். ‘எனக்குத் தெரியாது’ என்று அந்த ஹாலில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. மடியிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

பார்லர்காரி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"அப்போ நான் நம்பினதெல்லாம் பொய்யா? உங்களுக்காக என் கூடப்பொறந்தவளையே விட்டேனே!"

"அதைத்தான் விட்டிருக்கக் கூடாது. நான் உன் கழுத்துக்குச் சொன்னேன்மா, உன் தங்கச்சிக்கு இல்ல. என்னை நம்பறதுக்கு அவளை விடணும்னா, என்னை விட்டுடு."

பார்லர்காரி பையை எடுத்துக்கொண்டு படபடவென்று படியிறங்கினாள். கூடவே பத்துப் பன்னிரண்டு பேர் எழுந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. அவர்கள் போனதும் பிசியோ அக்கா சொன்னாள்: "நாளைக்கு அவங்களைத் தெருவுல பாத்தா பேசாம போயிடாதீங்க. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

மறுநாள் மதியம் அவளே பார்லருக்குப் போனாள்.

"என்ன வேணும்?"

"முடி வெட்டணும்."

"ஊர்ல வேற கடையே இல்லையா?"

"இருக்கு. நீ நல்லா வெட்டுவ."

பார்லர்காரி வேண்டாவெறுப்பாகத் துணியைப் போர்த்தினாள். பாதி முடி வெட்டியதும், "நான் நிஜமாவே தூங்கினேன். அது பொய் இல்ல" என்றாள்.

"யார் பொய்ன்னா? நீ தூங்கினது நிஜம்தான்."

"நீங்க இல்லைன்னா யார் தூங்க வெச்சது?"

"பயிற்சி கொஞ்சம் இருக்கும். பக்கத்துல உக்காந்தவங்க கொஞ்சம். மிச்சத்தை உன் சாமிகிட்டயே கேட்டுக்கோ. நடுவுல நான் எதுக்கு?"

கத்தரி நின்றது. கண்ணாடியில் பார்த்தால் பார்லர்காரி அழுதுகொண்டிருந்தாள். "பேச்சுல ரொம்ப வெட்டிட்டேன்" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி.

"முடிதானே, வளரும்."

துணியை உதறும்போது, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அவளுக்கு கை எப்படி இருக்கு?"

"அவளையே கேளேன். வியாழன், சனி, சாயங்காலம் வருவா."

சனிக்கிழமை பார்லர்காரி வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. அதற்குப் பிந்தைய சனிக்கிழமை, தங்கை கட்டிலில் கையை நீட்டிப் படுத்திருந்தபோது, திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. பார்லர்காரி கையில் பெரிய பொட்டலத்தோடு நின்றாள். பிறந்தநாளுக்கு வாங்கிவைத்துக் கொடுக்காமல்விட்ட பாவாடை சட்டையாம்.

"இப்ப எதுக்கு?" என்றாள் தங்கை. "அவ வளந்துட்டா. பத்தாது."

"பிரிச்சுத் தச்சுக்கலாம். மடிச்சுத்தான் தச்சிருக்கு, லூசு."

"யாரு லூசு? என்னை வலிக்கிற பக்கம்னு சொன்னவ லூசா, நான் லூசா?"

"ரெண்டு பேருந்தான். கையை அசைக்காம படு" என்றாள் பார்லர்காரி.

புதன்கிழமைக் கூட்டம் இப்போது பாதியாகிவிட்டது. போனவர்களில் சிலர் வேறு யாரையோ தேடிப் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் டீ நேரத்தில் ஓயாமல் வாக்குவாதம் செய்கிறார்கள். ஹால் சாவி கேள்விக்குறியிடம் இருக்கிறது. பிசியோ அக்காவுக்கு முடியாத வாரங்களில் அவரே திறந்து உட்கார வைக்கிறார். பார்லர்காரி அங்கே திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையோடு, சின்ன வயதில் அப்பா கூட்டிப்போன வழிபாட்டு இடத்துக்குப் போகிறாளாம். அங்கே பாட்டுதான் சுமாராக இருக்கிறதாம்.

அந்தச் சனிக்கிழமை திரைச்சீலைக்குள் சகோதரிகளின் சண்டை சூடு பிடித்துக்கொண்டிருந்தது. பிசியோ அக்கா டைமரைத் திருகி வைத்துவிட்டு, அவர்களை அப்படியே விட்டுவிட்டு, இடுப்பு வலிக்காரர் காத்திருந்த அடுத்த கட்டிலுக்குப் போனாள்.